நெல்லைச் சீமையில் நற்செய்திக் கூட்டம்: மனு கொடுப்பதிலிருந்து கணக்கு முடிப்பது வரை

ஊருக்குப் பொதுவான ஒரு இடத்தில், எல்லாத் தெருக்காரர்களும் வந்து உட்கார்ந்து கேட்கும்படி ஒரு மாலை நற்செய்திக் கூட்டம் நடத்த வேண்டும் என்று சபையில் முடிவு செய்வது எளிது. தேதி குறித்துவிடலாம், பேசுகிறவரையும் அழைத்துவிடலாம். அதற்கப்புறம்தான் பஞ்சாயத்து அலுவலகம், காவல் நிலையம், டிஎஸ்பி அலுவலகம் என்று அலைச்சல் ஆரம்பிக்கும். ஒரு இடத்தில் போதும் என்ற காகிதத்தை அடுத்த இடத்தில் போதாது என்பார்கள். எங்கள் சேகரத்து (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் வட்டாரம்) வாலிபர்களோடு நான் ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதிதாக இறங்குகிறவர்களுக்குப் பாதி அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 25வது பிரிவு தன் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்ட உரிமை அது. அந்தப் பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், விசுவாசத்தின்படி பார்த்தாலும் அதுதான் சரி. நம் வேலை சொல்வது; முடிவு கேட்கிறவருடையது. ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிப் போகிறவர் மறுநாள் காலையில் டீக்கடையில் நம் பக்கத்தில் சங்கடமில்லாமல் நிற்க முடிய வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

1. தேதி குறிக்கும் முன் ஊர்க் காலண்டரைப் பாருங்கள்

குறைந்தது நாற்பத்தைந்து நாள் கையில் இருக்கட்டும். சபைக் காலண்டர் மட்டும் போதாது.

பங்குனி உத்திரத்துக்கு அரை ஊர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடும். சித்திரையிலும் ஆடியிலும் அம்மன் கோயில் கொடை விழாக்கள் வரிசையாக வரும். கொடை நடக்கும் வாரத்தில் அதே ஊரில் மைக் கேட்டால் அனுமதி கிடைக்காது. கிடைத்தாலும் அது நல்ல அயலான் செய்கிற காரியமல்ல. டவுன் பக்கம் என்றால் ஆனித் தேரோட்டம். புரட்டாசியில் குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மாலை போட்டு வேஷம் கட்டுகிறவர்கள் ஊர் ஊராக வருவார்கள். மேலப்பாளையம், ஏர்வாடி, பத்தமடை போன்ற ஊர்களில் ரமலான் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே மற்ற மாதங்களிலும் பாங்கு நேரத்தைக் கேட்டறிந்து நிகழ்ச்சி நிரலில் குறித்துக்கொள்ளுங்கள். பாங்கு சொல்லும்போது மைக்கை நிறுத்திவைத்தால் அதற்கென்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை, கேட்கிறவர்களுக்கே புரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனி, ஆடியில் வள்ளியூர், ராதாபுரம், பணகுடி பக்கம் அடிக்கிற காற்றுக்குச் சாமியானா நிற்காது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் பிசான நெல் அறுவடை நடக்கும் நாட்களில் ஆள் வராது. பொங்கல் முடிந்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு தொடங்குவதற்கு முன் உள்ள நாட்கள்தான் எங்களுக்குத் தோதாக அமைந்தன. தேர்தல் அறிவிப்பு வரும்போல் இருந்தால் தேதியைத் தள்ளிவிடுங்கள். நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் எல்லா அனுமதியும் இழுத்தடிக்கும்.

நேரமும் முக்கியம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பெண்கள் நிறையப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். மாலையில் கடையில் பீடியைக் கொடுத்துவிட்டு, மறுநாளுக்கு இலை, தூள் வாங்கி வந்து, சமையலையும் முடித்த பிறகுதான் உட்காருவார்கள். சிலர் சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டே வந்து, இலை வெட்டிக்கொண்டே கேட்பார்கள். அப்படியே கேட்கட்டும். ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடிப்பது நல்லது. பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறதா என்று பார்த்து முடிக்கும் நேரத்தை வையுங்கள்.

2. இடம்: யாருடைய தெரு என்பதே முதல் கேள்வி

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. நம் பக்கத்தில் தெரு என்றாலே சாதி. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சபைகளும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. சபைக் கோயில் வாசலிலேயே கூட்டம் போட்டால், அது எந்தச் சமுதாயத்தார் நிறைந்த சபையோ அவர்கள் மட்டும் வருவார்கள். அடுத்த தெருக்காரர் ‘அது அவங்க கூட்டம்’ என்று ஒதுங்கிக்கொள்வார். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்ற நோக்கமே அங்கே அடிபட்டுப்போகும்.

எனவே எல்லாத் தெருக்காரர்களும் வழக்கமாக நடந்து போகிற இடமாகத் தேடுங்கள். சந்தை மைதானம், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள தனியார் காலி மனை, எல்லாச் சமுதாயத்தாரும் வாடகைக்கு எடுக்கிற கல்யாண மண்டபம் ஆகியவை சரிப்பட்டு வரும். மண்டபம் கிடைத்தால் மைக் சத்தமும் உள்ளேயே நிற்கும், மழைப் பயமும் இல்லை. ஒரு சாதிச் சங்கத்தின் பெயரில் இருக்கிற மண்டபம் வேண்டாம், வாடகையே கேட்காமல் கொடுத்தாலும் வேண்டாம்.

இடத்தைக் கண்ணால் பார்த்ததும் வாய் வார்த்தையை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அது பட்டா நிலமா, புறம்போக்கா, கோயில் நிலமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பட்டா நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். ஊராட்சி இடம் என்றால் ஊராட்சியின் எழுத்துப்பூர்வ அனுமதி, பேரூராட்சி என்றால் செயல் அலுவலரின் அனுமதி. அறநிலையத் துறைக் கோயிலுக்குச் சொந்தமான நிலம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். அரசுப் பள்ளி மைதானமும் வேண்டாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பதையும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்துக்கு மேலே காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்புகளுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் ஜீப்பில் ஆட்களோடு ஏறினால் வழக்குதான் வரும்.

3. கோப்பில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு கோப்பு வாங்கி, ஒவ்வொன்றிலும் மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

- இடத்துக்காரரின் சம்மதக் கடிதம், பட்டா நகல், வீட்டுவரி ரசீது இருந்தால் அதுவும்
- ஊராட்சி அல்லது பேரூராட்சியின் தடையில்லாச் சான்று
- சேகர குருவானவரின் கடிதம் (சேகர முத்திரையோடு)
- பொறுப்பாளர்கள் மூன்று பேரின் ஆதார் நகல், கைபேசி எண்கள்
- பேசுகிறவர், பாடுகிறவர்களின் பெயரும் முகவரியும்
- இடத்தின் கை வரைபடம்: மேடை, நாற்காலி, வண்டி நிறுத்தம், அருகில் உள்ள வழிபாட்டுத் தலங்கள், ஆம்புலன்ஸ் வரும் வழி
- நோட்டீஸின் மாதிரி
- சவுண்ட் சர்வீஸ்காரரின் பெயர், எத்தனை ஸ்பீக்கர், மின்சாரம் எங்கிருந்து என்ற விவரம்

வரைபடத்தில் பக்கத்துக் கோயிலையோ பள்ளிவாசலையோ போடாமல் விடுகிறவர்கள் உண்டு. போடுங்கள். போலீஸ்காரர்கள் எப்படியும் நேரில் வந்து பார்ப்பார்கள். நாமே குறித்துக் காட்டினால் நம்பிக்கை வரும்.

பேசுகிறவர் யார் என்பதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டுக்காரரை மேடையில் பிரசங்கம் செய்ய விடக் கூடாது. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஊர்க்காரர் லீவுக்கு வந்திருப்பார், ‘அண்ணன் ரெண்டு வார்த்தை பேசட்டும்’ என்று ஆசையாக அழைப்போம். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் மிஷனரிப் பணிக்கு முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கட்டும், அது போதும்.

4. மனு கொடுப்பது

திருநெல்வேலி மாநகருக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு உட்பட்ட உதவி ஆணையர். வெளியே என்றால் அந்தந்த உட்கோட்டத்து டிஎஸ்பி. எங்கே கொடுத்தாலும் மனு சுற்றிக்கொண்டு உள்ளூர் காவல் நிலையத்துக்குத்தான் அறிக்கைக்கு வரும். ஆகவே இன்ஸ்பெக்டரை முதலில் நேரில் பார்த்துவிடுங்கள். மூன்று பேர் போனால் போதும். முப்பது பேராகப் போய் நின்றால் அது வேறு மாதிரி தெரியும்.

மனுவில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடத்தின் சர்வே எண், எதிர்பார்க்கும் ஆட்கள், தொண்டர்கள் எத்தனை பேர் என்று எல்லாம் எழுதுங்கள். ஆட்கள் எண்ணிக்கையைக் கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். இருநூறு என்று எழுதிவிட்டு ஆயிரம் பேர் வந்தால், பாதுகாப்புக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்கள் என்ன செய்வார்கள்?

கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பாவது கொடுங்கள். இரண்டாவது நகலில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் வெளியே வரக் கூடாது. நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ‘வச்சிட்டுப் போங்க, பாத்துக்கலாம்’ என்று அன்பாகத்தான் சொல்வார். பரவாயில்லை, காத்திருந்து வாங்குங்கள். அதே மனுவை ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடும் அனுப்பிவிடுங்கள், செலவு சொற்பம்.

பத்து நாளாகியும் பதில் இல்லை என்றால் போய்க் கேளுங்கள். முடியாது என்றால் காரணத்தோடு எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக வேண்டி வந்தால் அந்தக் காகிதம் உதவும். ஆனால் முதல் கூட்டத்திலேயே நீதிமன்றப் படி ஏற நான் சொல்ல மாட்டேன். இடத்தையோ தேதியையோ மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் முடிந்துவிடும். அனுமதி கையில் வராமல் பந்தல்காரருக்கு முழுப்பணமும் கொடுத்துவிடாதீர்கள்.

5. மைக்

2000ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் கிடையவே கிடையாது. குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல்; பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம் அந்தப் பகுதியின் அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது, எப்படியும் 75ஐத் தாண்டக் கூடாது. கூம்பு ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள். நாலு பாக்ஸ் ஸ்பீக்கர், நாலும் கூட்டத்தைப் பார்த்து. மின்கம்பத்தில் ஏற்றித் தெருத் தெருவாகக் கட்டுவது, கேட்க விரும்பாதவர் வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைவதற்குச் சமம். படிக்கிற பிள்ளை, நோயாளி, கைக்குழந்தை எல்லா வீட்டிலும் இருக்கிறது.

கொக்கி போட்டு மின்சாரம் எடுக்க வேண்டாம். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள், அல்லது ஜெனரேட்டர்.

6. நோட்டீஸும் ஃப்ளெக்ஸும்

நம் ஊர் நோட்டீஸில் பெயர்ப் பட்டியல்தான் பாதி இடத்தை அடைக்கும். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பேசுகிறவர், பாடுகிறவர், வரவேற்கிறவர், நன்றி சொல்கிறவர் என எல்லோரும் ஒரே தெருவாக இருந்தாலும் ஊர் உடனே கண்டுபிடித்துவிடும். வேண்டுமென்றே கலந்து போடுங்கள். ‘அனைவரும் வருக’ என்று எத்தனை பெரிதாக அச்சடித்தாலும் கீழே இருக்கிற பெயர்களைத்தான் ஜனங்கள் படிப்பார்கள்.

‘புற்றுநோய் நீங்கும், குழந்தைப் பாக்கியம் உண்டாகும்’ என்று போடாதீர்கள். மந்திரம், தாயத்து போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டிப் புகார் வரலாம். ஆனால் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நோயோடு வருகிற ஒரு தாய்க்கு நாம் ஜெபிக்கலாம், கூடவே பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகலாம். அவர் மாத்திரையை நிறுத்தும்படி எந்த வார்த்தையும் நம் வாயிலிருந்து வரக் கூடாது.

அச்சக முகவரி கட்டாயம் இருக்கட்டும், பொறுப்பாளர் எண்ணும் இருக்கட்டும். சுவரில் ஒட்டாதீர்கள். ஃப்ளெக்ஸ் வைப்பதென்றால் உள்ளாட்சி அனுமதி வாங்கி, அனுமதி எண்ணை அதிலேயே அச்சிடுங்கள். நாங்கள் ஃப்ளெக்ஸையே விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் அழைத்தோம். அப்படி அழைத்தவர்கள்தான் வந்தார்கள்.

கைப்பிரதியைக் கேட்கிறவர் கையில் மட்டும் கொடுங்கள். கோயில் வாசல், ஜும்மா முடிந்து வெளியே வரும் பள்ளிவாசல், ஆஸ்பத்திரி வார்டு, பள்ளிக்கூடம் இவை வேண்டாம். ஒருவர் திருப்பிக் கொடுத்தால் ‘சரிங்க அண்ணாச்சி’ என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

7. செலவு

எங்கள் பக்கம் ஒரு மாலைக்கு, இருநூறு பேருக்கு, ஏறத்தாழ இப்படி வந்தது. நாற்காலி ஒன்றுக்கு 8 முதல் 10 ரூபாய், ஏற்றி இறக்குவது தனி. பாக்ஸ் ஸ்பீக்கர், மைக், ஆள் சேர்த்து 6,000 முதல் 8,000. ஜெனரேட்டர் 3,000, டீசல் நம் பொறுப்பு. டியூப் லைட், சிறிய மேடை 4,000. நோட்டீஸ் ஆயிரம் 1,500. டீயும் சுண்டலும் 4,000. மொத்தத்தில் 25,000 ரூபாய்க்குள் அடக்கலாம். அனுமதிக் கட்டணம் எதுவாக இருந்தாலும் ரசீதோடு மட்டும் கட்டுங்கள்.

கூட்டத்தில் காணிக்கை எடுக்காதீர்கள். முதல் தடவை கேட்க வந்தவர் முன்னால் பையை நீட்டுவது சரியில்லை. செலவைச் சபை ஏற்க வேண்டும். துபாயில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் பிள்ளை தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாகச் சபைக்கு அனுப்புவதில் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரிடமோ வெளிநாட்டுச் சபையிடமோ வாங்குவதென்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். பதிவு இல்லாவிட்டால் ஐந்து ரூபாயும் வேண்டாம்.

சேலை, அரிசி, நோட்டுப் புத்தகம் எதையும் அன்று கொடுக்காதீர்கள். வெள்ளம் வந்தால் உதவுங்கள், எல்லாத் தெருவுக்கும் உதவுங்கள், ஆனால் வேறொரு நாளில், மேடையும் மைக்கும் இல்லாமல்.

8. மேடையில்

யாருடைய தெய்வத்தையும் சிலையையும் வேதத்தையும் இழித்து ஒரு சொல் வரக் கூடாது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 299, 302 ஆகிய பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. பேசுகிறவரிடம் முன்னாலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். தன் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்கிறவர்கள்தான் பெரும்பாலும் வழி தவறுவார்கள். தன் பழைய வாழ்க்கையைச் சொல்லும்போது தன் வீட்டார் கும்பிடுகிற சாமியைத் தரக்குறைவாகப் பேசிவிடுவார். அவர் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். சாட்சியை எழுதி வாங்கிப் படித்துப் பாருங்கள். இயேசு யார், என்ன செய்தார், எனக்கு என்ன ஆனார் என்பதைச் சொல்லவே நேரம் போதாது. மற்றவரைப் பற்றிப் பேச எங்கே நேரம்?

பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி வெகுகாலமாக இருப்பதால் சைகை மொழி தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில் கிடைப்பார்கள். ஒருவரை அழைத்து, முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழும்படி நிறுத்துங்கள். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வடநாட்டுத் தம்பிமார் வந்தால், கேட்டால் கொடுக்க இந்தி, ஒடியா புதிய ஏற்பாடுகள் நாலைந்து மேசையில் இருக்கட்டும்.

9. வருகிறவர்களைக் காக்கும் விதம்

எல்லோருக்கும் ஒரே நாற்காலி, ஒரே டம்ளர். முன்வரிசை யாருக்கும் ஒதுக்கப்பட்டதல்ல.

கூட்டத்தைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுவதைத் தடுத்துவிடுங்கள். மேடையை மட்டும் எடுக்கலாம். ஆர்வத்தில் எட்டிப் பார்க்க வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் முகம் வாட்ஸ்அப்பில் சுற்றினால் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ‘ஒப்புக்கொடுக்கிறவர்கள் கை தூக்குங்கள்’ என்று எல்லோர் முன்னிலையிலும் அழைப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. பேச விரும்புகிறவர் கூட்டம் முடிந்தபின் மேசைக்கு வரட்டும்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிற சமயப் பிள்ளைகளைத் தனியாக அழைத்து ஜெபிக்காதீர்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தினாலும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்கிய பிறகே சேருங்கள்.

யாராவது வந்து சத்தம் போட்டால் மைக்கை அணைத்துவிடுங்கள். மைக்கில் பதில் சொல்லக் கூடாது. தொண்டர்கள் யார் மேலும் கை வைக்கக் கூடாது. பொறுப்பாளர் ஒருவர் மட்டும் அனுமதி நகலோடு பேசட்டும், இன்னொருவர் காவல் நிலையத்துக்குப் போன் போடட்டும், கிடைக்காவிட்டால் 112. இன்ஸ்பெக்டர் முடிக்கச் சொன்னால் முடித்துவிடுங்கள். அனுமதி இருந்தும் நிறுத்தப்பட்டது என்பதை மறுநாள் எழுத்தில் கொடுத்துக்கொள்ளலாம்.

10. மேலும் அறிய விரும்புகிறவர் வந்தால்

அவராகக் கொடுத்தால் மட்டும் எண்ணை வாங்குங்கள். பெண்ணைப் பெண்களே போய்ப் பார்க்கட்டும். மாற்கு சுவிசேஷத்தைக் கொடுத்து, படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வாராவாரம் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம் என்று உடனே ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரு குடியிருப்பு வீடு நிரந்தர ஜெப வீடாக மாறினால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி என்ற கேள்வி வரும், பக்கத்து வீட்டாரின் மனத்தாங்கலும் வரும்.

ஞானஸ்நானம் கேட்கிறவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்றைப் பலர் சொல்வதில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால், 1950ம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பிள்ளையின் கல்லூரி இடம், உதவித்தொகை, வேலை எல்லாவற்றையும் இது தொடும். பழங்குடியினருக்கு இந்த மாற்றம் கிடையாது. இதை மறைத்து ஞானஸ்நானம் கொடுப்பதும், சான்றிதழில் ஒன்று வாழ்க்கையில் ஒன்று என்று இருக்கச் சொல்லிக்கொடுப்பதும் இரண்டுமே தவறு. இந்தச் சட்டம் நியாயமா என்பதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஆனால் அதற்கான விலையைக் கொடுக்கப்போவது அவர். தெரிந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. மாரியப்பன் மாரியப்பனாகவே இருக்கலாம். மாற்ற விரும்பினால் அரசிதழ் வழி. ஞானஸ்நானத்துக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், சேகர குருவானவர் வழியாகவே நடக்க வேண்டும், தன் விருப்பப்படி வருகிறேன் என்று அவரே எழுதிய கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். கல்யாணத்துக்காகக் கேட்கிறவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழிந்து கேட்டாலும் தாமதம் ஆகிவிடாது.

11. மறுநாள்

காலையிலேயே மைதானத்தைக் கூட்டிப் பெருக்குங்கள். குழி தோண்டியிருந்தால் மூடுங்கள், பேப்பர் கப் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. இடத்துக்காரரையும் பக்கத்து வீடுகளையும் பார்த்து நன்றி சொல்லுங்கள். சத்தம் தொந்தரவாக இருந்ததா என்று கேட்டு, சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்கும் நன்றிக் கடிதம் ஒன்று கொடுங்கள், அதற்கும் முத்திரை வாங்குங்கள். ரசீதுகளை ஒட்டி, கணக்கை அடுத்த ஞாயிறே சபையில் வாசித்துவிடுங்கள். அனுமதி ஆணை, மனு நகல், கணக்கு, நன்றிக் கடித நகல் எல்லாவற்றையும் அதே கோப்பில் போட்டு சேகர அலுவலகத்தில் வையுங்கள். அடுத்த வருடம் மனு கொடுக்கும்போது முதல் இணைப்பாக இந்த வருட அனுமதி ஆணையின் நகலை வையுங்கள்.